மணிக்கு ஒரு வித்தை

நாய்க்கு வித்தை சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கஸில் செய்தார்கள், போலீஸில் செய்கிறார்கள். சென்னையில் எங்கள் தெருவிலேயே ஒரு பாங்குக்காரர், காலைப் பத்திரிகையைத் தம் நாய் வாயில் கவ்விக்கொண்டு வந்து கொடுக்கும்படி பழக்கியிருக்கிறார். பத்திரிகையில் பாதி எச்சிலாகிவிடுகிறது என்பது வேறு விஷயம். பாங்குக்காரரால் முடிந்தது ஒரு நாவலாசிரியனால் முடியாதா என்ற அகந்தையோடும், பெட்டிக்குள் முடியாமல் கிடந்த ஒரு நாவலோடும், போன வருஷம் பொங்கல் கழிந்த மறுவாரம் பசியாவரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பசியாவரம் என் சொந்த ஊர். பழவேற்காட்டு ஏரிக்குள் தண்ணீர் சூழ்ந்து கிடக்கிற மீனவர் கிராமம். பெயரைப் பிரித்துப் படித்தால், பசிக்காமல் இருக்க யாரோ கொடுத்த வரம் மாதிரி இருக்கும். ஊர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஏரி என்று பெயரே தவிர, கடல் உள்ளே வந்து போகிற உப்பங்கழி அது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இதுதான் பெரியது. பெரியதே ஒழிய ஆழமில்லை. பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்தான். டச்சுக்காரர்கள் 1613இல் பழவேற்காட்டில் கட்டிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள், கோட்டை இருந்த இடத்தைப் பார்த்து ஏமாந்து, அப்புறம் ஏரியில் நிற்கும் பூநாரைகளைப் பார்த்து ஆறுதலடைந்து திரும்புவார்கள். நான் எப்போதும் படகில்தான் ஊருக்குள் போவேன். படகில் போனால்தான் ஊருக்குப் போன மாதிரி.

அங்கே எங்கள் நைனா தனியாக இருக்கிறார். வயது எழுபத்திரண்டு. அம்மா காலமாகி மூன்று வருஷமாகிறது. அடுத்த தெருவில் அக்கா வீடு. சோறு அங்கிருந்து வரும். சென்னைக்குக் கூப்பிட்டால், "அங்க தண்ணி கொழாயிலதானே வரும்?" என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவார். கடலுக்குப் போவதை விட்டுவிட்டாரே தவிர, விடிந்ததும் சின்னப் படகைக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு, வீச்சு வலையோடு ஏரிக்குள் போயாக வேண்டும். நாலு மடவையோ, ஒரு பிடி இறாலோ, கிடைத்தது போதும். கூட மணி போகும்.

தமிழ்நாட்டில் யாராவது ஓர் உயரமான இடத்தில் நின்று "மணி!" என்று கூப்பிட்டால் ஒரு பட்டாளமே வாலை ஆட்டிக்கொண்டு வந்து சேரும். எங்கள் மணியும் அந்தப் பட்டாளத்தைச் சேர்ந்ததுதான். ராஜபாளையம், சிப்பிப்பாறை என்றெல்லாம் குலம் கோத்திரம் சொல்லிக்கொள்ள அதற்கு ஒன்றுமில்லை. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது பாதியில் மடிந்திருக்கும். அம்மா கஞ்சி ஊற்றி வளர்த்தது.

முதலில் நான் அதற்கு ஆரம்பித்த பாடம் "கை கொடு." உலகத்தில் நாய் வாத்தியார்கள் எல்லோரும் அங்கேதான் ஆரம்பிக்கிறார்கள் போலிருக்கிறது. முன்னங்காலைப் பிடித்துத் தூக்குவேன், "கை கொடு" என்பேன், ஒரு கருவாட்டுத் துண்டை நீட்டுவேன். மணி காலைப் பிடுங்கிக்கொண்டு, கருவாட்டை மோந்து பார்த்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மீன் ஊரில் மீனைக் காட்டி நாயை வசப்படுத்த முடியாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். திருவையாற்றில் போய்ச் சங்கீதம் பாடிக் காட்டுகிற மாதிரி அது. திண்ணையிலிருந்து இரண்டு நாள் இந்தக் கூத்தைப் பார்த்த நைனா, "மூணு கால்ல நின்னுகிட்டு அது இன்னாடா பண்ணும்?" என்றார். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் தோற்றதற்கு நாயின் ஜாதி காரணமில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கொல்கத்தாப் பக்கத்து விஞ்ஞானிகள் நம் நாட்டுத் தெருநாய்களை வைத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2020இல் வெளியாயிற்று. மூடிவைத்த இரண்டு கிண்ணங்களில் ஒன்றை மனிதன் கை நீட்டிக் காட்டுவான். யாரும் எந்தப் பழக்கமும் கொடுக்காத தெருநாய் அதைப் புரிந்துகொள்கிறதா என்று பார்த்தார்கள். 160 நாய்களில் பாதி, மனிதர்களிடம் பட்ட அனுபவத்தினாலோ என்னவோ, கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் நூற்றுக்கு எண்பது, கை காட்டிய பக்கத்துக்கே போயின. புத்தி இருக்கிறது. பயம்தான் குறுக்கே நிற்கிறது.

ஆகவே நான் புத்தகத்தைப் புரட்டினேன். ஸ்கின்னர் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் 1951இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில், பிராணிகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று ஒரு கட்டுரை எழுதினார். சூட்சுமம் ரொம்பச் சின்னது. நாயைப் பிடித்து வளைக்காதே. அது தானாகச் செய்வதில் உனக்கு வேண்டியதன் சாயல் எப்போது தெரிகிறதோ, அந்தக் கணத்திலேயே சம்மானம் கொடு. கணம் தவறினால் அடுத்ததாக அது செய்த வேறு காரியத்துக்குச் சம்மானம் கொடுத்ததாகிவிடும். கை அவ்வளவு வேகமாகத் தீனிக்குப் போகாது என்பதால், முதலில் ஒரு சத்தத்தையும் தீனியையும் சேர்த்துப் பழக்கிவிட வேண்டும். அப்புறம் சத்தமே சம்மானமாகிவிடும். அமுக்கினால் 'டிக்' என்று கத்தும் தகரப் பொம்மை அதற்குப் போதும் என்று அவர் எழுதியிருக்கிறார். என்னிடம் பொம்மை இல்லை. பால்பாயிண்ட் பேனா இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் அந்தப் பேனா செய்த ஒரே உபயோகமான வேலை அதுதான்.

சம்மானம்? பழவேற்காட்டு டீக்கடையில் கண்ணாடி ஜாடிக்குள் இருக்கிற பொறை. டீக்கடைப் பொறைக்கு ஆசைப்படாத நாய் தமிழ்நாட்டில் பிறந்ததில்லை.

கருவி தயார். என்ன வித்தை சொல்லிக்கொடுப்பது? ஒரு சாயங்காலம் படகடியில் நைனாவுடன் உட்கார்ந்திருந்தபோது, நான் படித்த ஒரு சமாச்சாரத்தைச் சொன்னேன். போர்த்துக்கல் நாட்டுக் கடற்கரையில் மீனவர்கள் வளர்த்த ஒரு ஜாதி நாய் உண்டு. மீன் கூட்டத்தை வலைப் பக்கம் விரட்டும். தண்ணீரில் விழுந்த சாமானை எடுத்து வரும். ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு நீந்திப் போய்ச் சேதி கொடுக்கும். அந்த ஜாதி நாய் ஒன்று 2009இல் ஒபாமாவுடைய வெள்ளை மாளிகைக்கே குடிபோயிற்று. "நம்ம மணிய அப்படிப் பழக்கலாமா, நைனா?" என்று கேட்டேன்.

நைனா வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். "ஆமா. காத்து தெக்கால திரும்பிடிச்சி" என்றார்.

நான் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தின வாரம் அக்கா மகள் பின்னாலிருந்து "தாத்தா, தாத்தா" என்று நாலு தடவை கூப்பிட்டதும் அவர் திரும்பாததும் ஞாபகம் வந்தது. டெலிவிஷனை அவர் ஊமையாக ஓடவிட்டுப் பார்ப்பது ஞாபகம் வந்தது. கேட்கவே இல்லை என்றால் எனக்குப் பதில் சொல்லியிருக்கமாட்டார். ஏதோ கேட்டது, என்னவென்று புரியவில்லை. நான் என்ன கேட்டிருப்பேன் என்று உத்தேசமாக நினைத்து, அதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

கட்டுமரத்தில் போன வரைக்கும் அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை முழுக்க எஞ்சின் வைத்த ஃபைபர் படகுகள் வந்தன. நைனா ஒரு படகில் பங்குக்குச் சேர்ந்தார். டீசல் எஞ்சினுக்கு ஒரு முழத்தில் உட்கார்ந்து, வருஷக்கணக்காக, தினம் ஆறேழு மணி நேரம். இப்படிப் போகிற காது ஒரே நாளில் போவதில்லை. முதலில் கீச்சுக் குரல்கள் போகும்: குழந்தைகள், பெண்கள், போன் மணி. அப்புறம் சொற்களில் உள்ள மெல்லிய சத்தங்கள் போகும். பேசுகிறார்கள் என்று தெரியும், என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது.

இதை நாங்கள் ஒருவரும் கவனிக்காமல் போனதற்கு அம்மா காரணம். அவரை யார் என்ன கேட்டாலும் அம்மாதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாள். "உன்னையா கேட்டாங்க?" என்று நான் எத்தனையோ தடவை அவளைக் கோபித்திருக்கிறேன். அதிகப்பிரசங்கி என்று அவளுக்குப் பட்டம்கூட வைத்திருந்தோம்.

அக்காவைக் கேட்டேன். ஒரு முகாமில் காதுக்கு மிஷின் கொடுத்தார்களாம். இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, 'காத்து மட்டுந்தான் கேக்குது' என்று கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாராம். அதற்கு மேல் பேசக் கூடாது என்று உத்தரவு. படகைச் சொல்லும்போது அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏரியில் மோட்டார்ப் படகுகள் ஓடுகின்றன. கோல் ஊன்றி நிற்கிற கிழவருக்குப் பின்னால் ஒன்று வந்தால்?

அன்றைக்கே வித்தை தீர்மானமாகிவிட்டது. காது கேளாதவர்களுக்காக நாய் பழக்கும் சங்கம் ஒன்று இங்கிலாந்தில் 1982இல் ஏற்பட்டது. கதவு தட்டினாலும், மணி அடித்தாலும், நாய் எஜமானைப் போய்த் தொடும்; சத்தம் வந்த இடத்துக்கு அழைத்துப் போகும். இதைத்தான் மணிக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். நைனாவிடம் மூச்சு விடவில்லை. விளையாட்டு என்று சொல்லிவைத்தேன்.

வேலை நான் பயந்த அளவுக்குக் கஷ்டமில்லை. முதல் இரண்டு நாள் பேனா, பொறை; பேனா, பொறை. பிறகு என் முழங்காலை மூக்கால் தொட்டால் 'டிக்.' தற்செயலாகத்தான் முதலில் தொட்டது. பத்தாவது தடவைக்குள் அது தற்செயலாக இல்லை. அப்புறம் அக்கா மகளை வாசலில் நிறுத்திக் கதவைத் தட்டச் சொல்லி, தட்டின பிறகு தொட்டால் மட்டும் சம்மானம் என்று ஆக்கினேன். பிறகு என் முழங்காலுக்குப் பதில் நைனாவின் முழங்கால். பாவ்லவ் என்ற ருஷ்ய விஞ்ஞானி மணியடித்து நாய்க்கு எச்சில் ஊறவைத்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். நான் மணிக்கே மணியடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வாரத்தில், கதவு தட்டினாலும், போன் மணி அடித்தாலும், யாராவது தெருவிலிருந்து "பெரியவரே" என்று கூப்பிட்டாலும், மணி நாலுகால் பாய்ச்சலில் ஓடி நைனாவை முட்டி, குரைத்து, சத்தம் வந்த பக்கம் ஓடித் திரும்பிப் பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பாங்குக்காரர் வந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பாங்குக்காரர் வரவில்லை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்தார்கள்.

பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்வது. முறையில் தகராறு வந்தால் பழைய ஆட்களின் ஞாபகம்தான் சாட்சி. அப்படி ஏதோ கேட்க வந்திருந்தார்கள். நைனா திண்ணையில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு, நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சமயம் பார்த்து, உள்ளே ஆணியில் தொங்கிய சட்டையில் போன் அடித்தது. மணி வித்தையைக் காட்டிவிட்டது. முட்டிற்று, குரைத்தது, உள்ளே ஓடிற்று, திரும்ப வந்து முட்டிற்று. வந்தவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே மற்றவரிடம், "பெரியவருக்கு நாயி வந்து சொன்னாத்தான் காது கேக்கும்போல" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார். நைனா உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் மட்டும் முழுசாகப் புரிந்துவிட்டது.

அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. விடியற்காலம் நான் எழுந்தபோது திண்ணைத் தூணில் மணி கட்டிக் கிடந்தது. படகைக் காணோம்.

அந்த நாலு மணி நேரத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கரையில் நின்றேன். மேற்கே பூநாரைகள் வரிசையாக நின்றன. அவற்றை ரசிக்கிற நிலையில் நான் இல்லை. ஒவ்வொரு மோட்டார்ச் சத்தமும் எனக்குக் கேட்டது, அதுதான் கஷ்டம். மணி கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொண்டது.

ஒன்பது மணிக்கு வந்தார். வலையை உதறிக் காயப் போட்டார். பிறகு நாயை அவிழ்த்துவிட்டு, என் பக்கம் பார்க்காமலே சொன்னார்:

"அது காதத் திருப்பும். அதப் பாத்து நானும் திரும்பிக்குவேன். படகுல அணியத்துல அது நிக்கும், பின்னால சத்தம் வந்தா காது பின்னால போவும், நான் ஒதுங்கிக்குவேன். உங்கம்மா போனதிலேர்ந்து இப்படித்தான். யாருக்காச்சும் தெரிஞ்சிதா? கூடவே குந்திகினு இருந்தியே, உனக்குத் தெரிஞ்சிதா? இப்ப ஊருக்கே தமுக்கு அடிச்சிட்டியே."

எனக்குப் பேச வாய் வரவில்லை. பிராணியை இமை கொட்டாமல் கவனி என்று ஸ்கின்னர் சொன்னபடி ஒரு மாதம் நாயின் காதையே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்தக் காதைப் பார்த்துக்கொண்டு இன்னொருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை. நாயின் காதை அசைக்கப் பத்துக்கு மேற்பட்ட தசைகள் இருக்கின்றன, நமக்குக் கேட்காத கீச்சுச் சத்தமெல்லாம் அதற்குக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். புத்தகத்தில் படித்தது. அவர் படிக்காமலே அதை உபயோகத்துக்குக் கொண்டுவந்திருந்தார்.

மத்தியானம் எதிரில் உட்கார்ந்து, முகத்துக்கு நேரே, மெதுவாகச் சொன்னேன்: "நைனா, நீ அந்தப் பக்கம் பாத்துகினு இருந்தா காதத் திருப்பறது எப்படித் தெரியும்? தூங்கினா?" அவர் கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சத்தம் போடக் கூடாது. முட்டக் கூடாது. யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். சம்மதம் என்று அர்த்தம்.

ஆகவே சொல்லிக்கொடுத்த வித்தையைத் தேய்த்துச் சிறிசாக்குகிற வேலை ஆரம்பமாயிற்று. இது கற்பிப்பதைவிடக் கஷ்டம். குரைத்தால் பொறை கிடையாது என்று நிறுத்தினேன். சம்மானத்தை நிறுத்தினால் பழக்கம் உடனே போய்விடாது. போவதற்கு முன்னால் ஒரு தடவை பொங்கும். மணி நாலு நாள் கடன்காரன் மாதிரி வாசலில் நின்று கத்தித் தீர்த்தது. அக்கம்பக்கத்தார் கம்பை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் குரைப்பு குறைந்தது. முட்டுவதை விட்டு, பக்கத்தில் வந்து நின்றால் 'டிக்.' நிற்பதை விட்டுப் படுத்தால் 'டிக்.' படுக்கும்போது ஒரு நாள் அலுப்பில் மோவாயை நைனாவின் பாதத்தின் மேல் வைத்தது. நான் பேனாவை அமுக்குவதற்குள் அவரே பொறையைக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் வாத்தியார் வேலை என் கையில் இல்லை. பொறைப் பொட்டலம் அவர் மடிக்குப் போயிற்று. எத்தனை கொடுக்கிறார் என்று கேட்டால் காது கேட்காது.

மாசி கடைசியில் நான் சென்னை திரும்பினேன். நாவல் போன மாதிரியே வந்தது. பாங்குக்காரர், "ஊரிலே நாய்க்கு என்ன சொல்லிக்கொடுத்தீர்?" என்று விசாரித்தார். "காலடியில் படுக்கச் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். மனுஷர் என்னை அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

தினம் சாயங்காலம் ஏழு மணிக்கு நைனாவுக்குப் போன் செய்கிறேன். மணி எழுந்து போய் அவர் பாதத்தில் மோவாயை வைக்கும், அவர் சட்டைப் பையில் கைவிடுவார் என்று அக்கா சொல்கிறாள். மூன்றாவது மணியில் எடுத்துவிடுகிறார். "மடவை நாலு. காத்து தெக்கால. மணி நல்லா கீது. நீ சாப்ட்டியா?" என்பார். நான் பதில் சொல்வேன். சொல்லி முடிக்கிற நேரத்துக்குச் சரியாகக் காத்திருந்து, "சரி, வையி" என்பார்.

ஒரு நாள் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருந்து பார்த்தேன். அதே நேரம் காத்திருந்துவிட்டு, "சரி, வையி" என்றார்.